சீகிரியாவிலிருந்து மட்டக்களப்புக்கு இருபத்தைந்து நிமிடம்

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவன்தான் விமானப் பயணத்தைப் பற்றி மிக விரிவாகப் பேசுவான். இதை அனுபவத்தில் சொல்கிறேன். இருபத்து நான்கு வயதில் நான் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

சீகிரியாவில் ஒரு ஹோட்டல். வரவேற்பறையின் இடப்பக்கம் ஒரு மேசை, அதன்மேல் ‘பயண உதவி’ என்று ஒரு பலகை, அதற்குப் பின்னால் டை கட்டிக்கொண்டு நான். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போனது. உள்நாட்டு விமான நிலையங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற அட்டவணை. சீகிரியா – மட்டக்களப்பு என்ற வரிக்கு நேரே 58 என்றும், பக்கத்தில் 25 நிமிடம் என்றும் இருந்தது. ஐம்பத்தெட்டு என்னவென்று எழுதியிருக்கவில்லை. கிலோமீட்டர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். (சந்தேகம் வருவதற்குக்கூட விஷயம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.)

வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம் என் தங்கை தர்ஷினிக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை அவளோடு ஆசிரியப் பயிற்சி எடுத்தவர், கிழக்கு மாகாணத்துக்காரர். கல்யாணமும் அவருடைய ஊர்க் கோயில் மண்டபத்தில்தான். அழைப்பிதழில் ஊர்ப் பெயருக்குக் கீழே ‘மட்டக்களப்பு மாவட்டம்’ என்று அச்சடித்திருந்தார்கள். நான் மட்டக்களப்பு வரைக்கும் வாசித்தேன். ‘மாவட்டம்’ என்ற சொல் என் கண்ணில் பட்டிருக்கும், மூளைக்குப் போகவில்லை.

எங்களுக்கு அப்பா இல்லை. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷமே போய்விட்டார். தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அம்மாவின் அண்ணன், செல்லையா மாமா. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவர். ஞாயிறு தவறாமல் மாத்தளையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, அரிசி இருக்கிறதா, கொப்பி புத்தகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். வருவதும் நடை, போவதும் நடை. காரணம், மாமாவுக்கு பஸ் ஒத்துக்காது.

ஒத்துக்காது என்றால் சாதாரணமாக இல்லை. பஸ் நகர வேண்டும் என்றுகூட இல்லை, டீசல் வாசம் வந்தால் போதும். நெற்றி வியர்க்கும், முகம் வெளுக்கும், அடுத்த வளைவில் பஸ்ஸில் இருக்கும் எல்லாரும் காலைத் தூக்கிக்கொள்வார்கள். அதனால் ஐம்பத்தாறு வயது வரைக்கும் மாத்தளைக்கு அப்பால் அவர் எங்கேயும் போனதில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த அன்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாராம்: “அவ்ளோ தூரம் பாப்பாவ குடுத்துட்டா, நா எப்படி ஆத்தா போய்ப் பாக்குறது?”

அந்தக் கவலை இருந்த எங்கள் மாத்தளை வீட்டுக்குத்தான், மாமாவும் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் போய் நின்று அறிவித்தேன்.

“மாமா, நீங்க பஸ்ஸே ஏற வேணாம். பிளேன்ல போவோம். இருபத்தஞ்சு நிமிஷம்!”

அம்மா கரண்டியோடு குசினியிலிருந்து வந்து நின்றாள். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எவ்ளோ தூரம் மாப்ள?”

“அம்பத்தெட்டு கிலோமீட்டர்.”

“பஸ்ஸுல எரநூறு கிட்ட வரும்னு டிரைவர் சொன்னானே. மிச்சம் எங்க போச்சு?”

“எல்லாம் வளைவுல போச்சு மாமா. ஆகாயத்துல வளைவு இல்லயே!”

மாமா யோசித்தார். பாதி வாழ்க்கையை வளைவுகளில் வாந்தியெடுத்துக் கழித்தவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். தலையாட்டினார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை தெரிந்தது. (அதுதான் கடைசி. பயண விஷயத்தில் அம்மா அதற்குப் பிறகு என்னை அப்படிப் பார்த்ததில்லை.)

இவ்வளவு தைரியமாகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. ஹோட்டலில் தங்கியிருந்த வயதான நெதர்லாந்துத் தம்பதி, கல்யாணத்தன்று காலையில் மட்டக்களப்புக்குப் போகச் சின்ன விமானம் ஒன்றை முழுதாக ஒழுங்கு செய்திருந்தார்கள். எட்டுப் பேர் உட்காரலாம், போவது இரண்டு பேர். நான் கழுத்து வியர்க்க வியர்க்கக் கேட்டேன். கல்யாணம் என்ற சொல் வாயிலிருந்து முழுதாக வருவதற்குள் அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சரி என்றுவிட்டார்.

ஒரு சின்ன விஷயத்தை நான் மறந்திருந்தேன். விமானம் சீகிரியாவில் இருக்கிறது, மாமா இரத்தோட்டை மலையில் இருக்கிறார். இடையில் இருப்பது ரோடு.

முதல்நாள் காலையில் மாத்தளை நசீர் நானாவின் முச்சக்கர வண்டியைப் பேசினேன். இரண்டு பக்கமும் திறந்திருக்கும், காற்று வரும் என்று கணக்கு. காற்று வந்தது. மற்றதும் வந்தது. மாமா தன் சட்டைப் பையில் சிலிசிலி பைகளை, அதாவது மெல்லிய பிளாஸ்டிக் பைகளை, நாலாக மடித்து, ஒரு கட்டாக வைத்திருந்தார். பாதி வழியில் இருக்கும் நாலந்தாவைத் தாண்டுவதற்குள் பாதிக் கட்டு முடிந்திருந்தது. ஒவ்வொரு ஆலமரத்தடியிலும் நசீர் நானா திரும்பிப் பார்த்து, “மாமாக்கு இன்னொருக்கா நிப்பாட்டவா?” என்று கேட்பார். நாங்கள் சீகிரியாவில் என் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இதே வண்டியில் இரவு முழுக்கப் போயிருந்தால் கல்யாண ஊருக்கே போயிருக்கலாம் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டியது எனக்கு. எனக்குத்தானே டை.

மறுநாள் முகூர்த்தம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றரைக்குள். விமானம் எட்டு மணிக்கு. எட்டு இருபத்தைந்துக்கு மட்டக்களப்பு, எட்டரைக்கு மண்டபம், நிதானமாக இட்டலி. இதுதான் என் திட்டம்.

சீகிரியா விமான நிலையம் சின்னது. ஒரு நீண்ட ஓடுபாதை, சுற்றிக் காடு, புல்லில் மயில்கள். பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நாங்கள் இரண்டு பேரும் நெதர்லாந்துத் தம்பதிக்குப் பின்னால் போனோம். ஏறுவதற்கு முன்னால் ஆட்களை நிறுக்க வேண்டும் என்றார்கள். சின்ன விமானம், பாரத்தைச் சமமாக உட்கார வைக்க வேண்டுமாம். நான் வெட்கத்தோடு ஏறி இறங்கினேன். மாமா தராசைக் குனிந்து பார்த்தார், முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று சோதித்தார், பிறகுதான் ஏறினார். இறங்கியதும் என்னிடம் கேட்டார்:

“தண்ணிக்குக் கழிவு புடிக்கலயா?”

ஈரக் கொழுந்துக்கு நிறையில் கழித்தே பழகிய மனிதர். நான் சிரித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நேத்து பூரா வெறும் தண்ணிதான்டா குடிச்சேன்” என்றார்.

எட்டு மணிக்கு விமானம் புறப்படவில்லை. மேகம் மரங்களின் தலையில் உட்கார்ந்திருந்தது. எட்டரை. ஒன்பது. அம்மா தொலைபேசியில் அழைத்தாள். விடிவதற்கு முன்பே மாத்தளையிலிருந்து பஸ்ஸில் புறப்பட்டவர்கள் எல்லாரும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். “எங்கடா இருக்கீங்க?”

“சீகிரியாவுல.”

அம்மா பக்கத்தில் யாரிடமோ, “இன்னும் சீகிரியாவுலயாம்” என்று சொல்வது கேட்டது.

“இருபத்தஞ்சு நிமிஷந்தானம்மா” என்றேன்.

விமானியிடம் போய் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர்தானே, கொஞ்சம் வேகமாகப் போனால் பதினைந்து நிமிடத்தில் முடியாதா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் பொறுமையானவர். அது கிலோமீட்டர் இல்லை, கடல் மைல் என்றார். ஒரு கடல் மைல் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர், ஆகவே நூறுக்கும் மேலே என்று விளக்கினார். மாமாவுக்கும் சிங்களம் நன்றாகவே தெரியும் என்பதை நான் அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தேன்.

“ஆகாயத்துல போறதுக்கு எதுக்கு மாப்ள கடல் மைலு?” என்று கேட்டார்.

நான் மயில்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது ஐம்பதுக்கு மேகம் விலகியது. விமானத்தின் மூக்கில் ஒரே ஒரு விசிறி. அது சுழலத் தொடங்கியதும் இருக்கை, பல், வயிறு எல்லாம் தனித்தனியாக நடுங்கின. மாமா வலப்பக்க ஜன்னலோரம், நான் அவருக்குப் பின்னால். அவர் சட்டைப் பையிலிருந்து மீதிப் பைகளை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார். விமானி திரும்பி, “பய வென்ன எப்பா, அங்கிள்” என்றார், பயப்பட வேண்டாமென்று. மாமா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

சக்கரம் தரையை விட்டது.

அந்தக் கணத்தை இன்றைக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. நூறு பேருக்கு மேசையிலிருந்து நான் விற்ற விஷயம் இது. அது இப்படி இருக்கும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மரங்கள் பாசியாகிப் போயின. தினமும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் சீகிரியாக் குன்று, யாரோ கைமறதியாகக் காட்டுக்குள் வைத்துவிட்டுப் போன அம்மிக்கல் மாதிரிக் கீழே கிடந்தது. அதன் உச்சியில் எறும்புகள் போல ஆட்கள். எங்களை நோக்கிக் கையசைத்தார்கள் போலிருந்தது. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒவ்வொன்றிலும் எங்கள் விமானத்தின் நிழல் ஒரு தட்டான்பூச்சி போல நீந்திப் போனது.

அப்போதுதான் என் வயிறு எழுந்து நின்றது.

முன் இருக்கைப் பையில் வைத்திருந்த காகிதப் பை முதல் நிமிடத்திலேயே முடிந்தது. “மாமா” என்றேன். மாமா திரும்பவில்லை. ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி ஒரு சிலிசிலி பையைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. வாழ்நாள் முழுக்க வாந்தியெடுத்த மனிதர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க அவரைக் கேலி செய்தவன் அவருடைய கையிருப்பைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

“மாப்ள,” என்றார் ஒருதரம், சத்தத்துக்கு மேலாகக் கத்தி. “அந்தா பாரு, நம்ம மல!”

தெற்கே, மேகத்துக்கு மேலே, நக்கிள்ஸ் மலைத்தொடர் முழுதாக எழுந்து நின்றது. நாங்கள் அதன் அடியில் பிறந்தவர்கள். ரிவர்ஸ்டன் பக்கத்தில் பனி விலகும்போது தெரிகிற கொஞ்சத்தைத்தான் மலை என்று நினைத்திருந்தோம். அது இவ்வளவு நீளம், இவ்வளவு முதுகுகள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகிற மாடுகள் மாதிரி என்று யாருக்குத் தெரியும்? மாமா விரலைக் கண்ணாடியில் வைத்து, எங்கோ ஒரு மடிப்பைத் தொட்டு, “அங்கதான் நம்ம ஸ்டோரு” என்றார். தேயிலைத் தொழிற்சாலையைச் சொல்கிறார். அவ்வளவு தூரத்தில் தெரியவே தெரியாது. ஆனால் அவர் தொட்ட இடம் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. பைக்குள் முகத்தை வைத்திருந்த நிலையிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு மகாவலி ஆறு. பிறகு வயல். பிறகு மாமாவின் குரல் மாறியது.

“மாப்ள, முன்னால வானம் ஏன் கீழ எறங்கியிருக்கு?”

எட்டிப் பார்த்தேன்.

“அது வானம் இல்ல மாமா. கடல்.”

மாத்தளையைத் தாண்டாத மனிதர் கடலைப் பார்த்ததில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யோசித்ததில்லை. மாமா குனிந்தார். காலிலிருந்த செருப்பைக் கழற்றினார். கோயில் வாசலில் கழற்றுவதுபோல, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். நெதர்லாந்து அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் கணவரின் தோளைத் தட்டினார்.

மட்டக்களப்புக்கு வடக்கே இருக்கும் பாசிக்குடாக் கடலைச் சுற்றிக் காட்டும்படி தம்பதி முன்பே கேட்டிருந்தார்கள். விமானம் வலப்பக்கம் சரிந்து வட்டமடித்தது. மாமாவின் ஜன்னல் முழுக்கத் தண்ணீர், கரையோரம் பச்சை, அப்பால் நீலம், அதற்கப்பால் பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம். வட்டம் திரும்பியபோது கரை வந்தது, தென்னந்தோப்பு வந்தது, ஒரு கிராமம் வந்தது, ஒரு கோயில் கோபுரம், பக்கத்தில் ஒரு மண்டபம், வாசலில் ஒரு பஸ்.

“ஏய்,” என்றார் மாமா. “நம்ம பஸ்ஸு!”

“எல்லாப் பஸ்ஸும் அப்படித்தான் மாமா இருக்கும்.”

“கூரைல பாரு, உங்க அம்மாவோட செவப்புப் பாய்! நாந்தான முந்தாநாள் சாமானெல்லாம் சுத்திக் கட்டிக் குடுத்தேன்!”

பார்த்தேன். பஸ் கூரையில் சிவப்புப் பாய். முற்றத்தில் வாழை மரம். ஆட்கள் அண்ணாந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘மாவட்டம்’ என்ற சொல் அப்போதுதான், அந்த உயரத்தில்தான், என் மூளைக்கு வந்து சேர்ந்தது.

“எறங்கச் சொல்லு மாப்ள!”

“இங்க எறங்க ஏலாது மாமா. மட்டக்களப்புலதான் எறங்கும்.”

“அது எங்க இருக்கு?”

விமானியிடம் கேட்டேன். ரோட்டு வழியாகத் திரும்பி வர முப்பது கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் என்றார். (நல்லவேளை, கடல் மைலில் சொல்லவில்லை.) கோபுரம் சின்னதாகி, பின்னால் போய், மறைந்தது. அன்றைக்குத் தாரை வார்க்க வேண்டிய மனிதரைக் கல்யாண மண்டபத்துக்கு நேர் மேலாகக் கொண்டுபோய், நிறுத்தாமல் கடத்திக்கொண்டு போனவன் நான்.

பத்தரைக்கு இறங்கினோம். வெளியே வர மேலும் பத்து நிமிடம். தம்பதியை ஏற்றிப் போக வந்த வேனில் எங்களையும் கொண்டுபோய் விடுகிறோம் என்றார்கள். கதவு திறந்தது, குளிரூட்டிய காற்றோடு இருக்கை உறையின் வாசம் வந்தது, மாமா இரண்டடி பின்வாங்கினார். நெற்றியில் வியர்வை. கையில் பை இல்லை, எல்லாவற்றையும் நான்தான் முடித்திருந்தேனே.

அப்போது வெறும் மீன்பெட்டிகளோடு ஒரு சின்ன லொறி வந்தது. நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“என்ன தம்பி, சாகவா போறீங்க?”

“கல்யாணம் அண்ணே. பாசிக்குடாவுக்குக் கிட்ட, பதினொன்றரைக்கு முந்திப் போகணும்.”

என் சட்டையைப் பார்த்தார். மாமாவின் பட்டு வேட்டியைப் பார்த்தார். “அந்தப் பக்கம்தான், வாழைச்சேனைக்குப் போறன். பின்னால ஏறுங்க” என்றார்.

மாமா லொறியின் பின்தட்டில், பெட்டிகளுக்கு நடுவே, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இப்போதோ அப்போதோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வேட்டி காற்றில் படபடக்க, எதிரே நீளும் ரோட்டையும் பக்கத்தில் மின்னும் வாவியையும் பார்த்தபடி நின்றார். அரைமணி நேரம் கழித்து அவரே ஆச்சரியத்தோடு சொன்னார்: “மாப்ள, அடைச்சு வைக்காம இருந்தா எனக்கு ஒன்னும் செய்யல.”

பதினொன்று இருபத்துமூன்றுக்கு லொறி மண்டப வாசலில் நின்றது. மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். பஸ்ஸில் வந்திருந்த மாமாவின் மனைவி, என் அத்தை, ஓடி வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பன்னீர்ச் செம்பை இரண்டு பேர் தலையிலும் கவிழ்த்தாள். ஐயர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து மந்திரம் சொன்னார். மணவறையில் தர்ஷினி அழுது அழுது மை கரைந்து இருந்தாள். மாமா அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். அத்தை நீர் வார்த்தாள்.

“தூரம்னு நெனச்சு அழுவாத பாப்பா,” என்றார். “மேல இருந்து பாத்துட்டுதான் வாறேன். நம்ம மலையும் ஒங்க கடலும் ஒரே ஜன்னல்ல தெரியுது.”

மண்டபத்தில் அழாதவர் யாருமில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மீன் வாசத்தால் அழுதார்கள் என்று அத்தை சொல்வாள், நம்ப வேண்டாம்.

அதற்குப் பிறகு மாமா வருஷத்துக்கு இரண்டு தடவை கடலைப் பார்க்கப் போகிறார். தெரிந்த மரக்கறி லொறிகளைப் பிடித்து, பின்தட்டில் நின்றுகொண்டு. போகும் வழியெல்லாம் யாரிடமாவது கதை சொல்லாமல் இருக்க மாட்டார். அதில் மலை, கடல், தராசு எல்லாம் ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிதாகும். நான் வாந்தியெடுத்த பைகளின் எண்ணிக்கையும் அப்படித்தான்.

போன மாதம் தர்ஷினியின் மகளுக்குப் பாலர் பாடசாலையில் விழா. வீட்டிலிருந்து யார் யார் வருவார்கள் என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளை (அவளுக்கு மாத்தளை மாமா என்றால் நான்தான்) விரல் விட்டுச் சொல்லியிருக்கிறாள்:

“அம்மா வருவா. அப்பா வருவார். மாத்தளை மாமா மேலால போயிருவார்.”